‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ – ஒரு விசித்திர நாவலும் கொச்சித் தமிழ் வாசகனும்

நாவல் என்றாலே நம் மனதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஊர், ஒரு குடும்பம், ஒரு காதல் அல்லது ஒரு சொத்துத் தகராறு, நடுவில் நாலு திருப்பம், கடைசியில் கல்யாணமோ கருமாதியோ. வாரப் பத்திரிகைத் தொடர்களை வீட்டில் வரிசை போட்டுப் படித்து வளர்ந்த தலைமுறை நாம். அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற தவிப்பு இல்லாவிட்டால் அது கதையே இல்லை என்று நமக்குத் தோன்றும்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு நாவல் 1981-ஆம் ஆண்டு தமிழில் வந்தது. சுந்தர ராமசாமி எழுதி, சென்னை க்ரியா வெளியிட்ட ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. அதன் நாயகன் தமிழன் அல்லன், மலையாள எழுத்தாளன். அவன் ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் நிஜமாக வாழ்ந்து மறைந்த ஒருவனைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் போலவே புத்தகம் முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. அது ஏன் அப்படி எழுதப்பட்டது, கேரளத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பவற்றை இம்மலரின் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் தமிழாசிரியன் அல்லன். பள்ளுருத்தியில் குடியிருந்துகொண்டு, மட்டாஞ்சேரியில் ஒரு மலஞ்சரக்குக் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் மிளகுக்கும் சுக்குக்கும் பேரேடு எழுதியவன். ஆகவே திறனாய்வாளர்களின் சொற்களை விட்டுவிட்டு, ஒரு சாதாரண வாசகன் கண்ட வகையில் சொல்லிப் போகிறேன்.

நாவலின் அமைப்பு

முதல் வாக்கியத்திலேயே நாயகன் இறந்துவிடுகிறான். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற ஜே.ஜே. 1960 ஜனவரி 5-ஆம் தேதி, முப்பத்தொன்பது வயதில் இறந்ததாக நாவல் தொடங்குகிறது. கூடவே இன்னொரு சாவையும் சொல்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு ஒரு கார் விபத்தில் மாண்டதற்கு மறுநாளாம் அது. காம்யு நிஜ மனிதர். 1957-இல் நோபல் பரிசு பெற்றவர். 1960 ஜனவரி 4-ஆம் தேதி கார் விபத்தில் இறந்தவர். இந்த நிஜத் தேதிக்குப் பக்கத்தில் பொய்த் தேதி ஒன்றை ஒட்டவைத்தாற்போல் ஆசிரியர் வைத்துவிடுகிறார். பேரேட்டில் நல்ல வரவுகளுக்கு நடுவே ஒரு பொய் வரவைச் செருகினால் தணிக்கைக்காரருக்குக் கண்டுபிடிக்க எவ்வளவு சிரமமோ, அவ்வளவு சிரமம் வாசகனுக்கு இங்கே.

நாயகன் போய்விட்டான் என்றால் மீதிப் பக்கங்களில் என்ன நடக்கிறது? பாலு என்ற தமிழ் எழுத்தாளன் ஜே.ஜே.யைப் பற்றித் தான் அறிந்தவற்றை எல்லாம் சேகரிக்கிறான். சின்ன வயதில் நோயாளிப் பையனாகப் படுத்திருந்த நாட்களிலிருந்து தொடங்கி, ஜே.ஜே. என்ற பெயர் தன் மனதுக்குள் வந்த விதம், நேரில் கண்ட சந்தர்ப்பம், நண்பர்களிடம் கேட்டறிந்த சங்கதிகள், அவனைத் தமிழருக்கு அறிமுகம் செய்யவேண்டும் என்ற ஆசை என்று முதல் பகுதி போகிறது. எம். கே. அய்யப்பன், முல்லைக்கல் மாதவன் நாயர் என்று மலையாள இலக்கிய உலகின் ஆட்கள் வருகிறார்கள். எல்லாம் கற்பனைப் பெயர்கள். ஆனால் ‘முல்லைக்கல்’ என்று படித்ததும் நமக்கு ஆலப்புழை கடைத்தெரு ஞாபகம் வந்து, இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். இரண்டாம் பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. அங்கே பாலு ஒதுங்கிக்கொள்கிறான், செத்தவன் பேசுகிறான். கடைசியில் ஆராய்ச்சி நூல்களில் இருப்பதுபோலப் பின்னிணைப்பும், ஜே.ஜே. எழுதியதாகச் சொல்லப்படும் நூல்களின் பட்டியலும் உண்டு.

சுருக்கமாகச் சொன்னால் நினைவுக் குறிப்பு, டயரி, பட்டியல் என மூன்றையும் சேர்த்துத் தைத்தால் இந்த நாவல். இவற்றில் எதுவும் வழக்கமான அர்த்தத்தில் கதை இல்லை. “இது கதையா அண்ணாச்சி, இல்ல இரங்கல் கூட்டத்து நோட்டீஸா?” என்று கடையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பத்துப் பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டார். வந்த காலத்திலேயே இதை நாவலென்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள், தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள்.

எதிர்பாராத சந்தோஷம்

இப்படிப்பட்ட புத்தகம் வறட்டுத்தனமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். அறிவாளிகள் அறிவாளிகளுக்காக எழுதியது என்று ஒரு பேர் அதற்கு உண்டு. எனக்கு ஆச்சரியமாகிப் போனது என்னவென்றால், படிக்கும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதுதான். சுந்தர ராமசாமியின் கிண்டல் கத்தி மாதிரி. சரித்திர நாவல் எழுதுகிறவர்கள், மேடைக்கு மேடை மாலை வாங்குகிறவர்கள், புரட்சியைப் பேச்சில் மட்டும் வைத்திருப்பவர்கள், தமிழின் பழம்பெருமையை மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டு புதிதாக ஒன்றும் படிக்காதவர்கள் என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. கோபமும் துக்கமும் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓடுகின்றன.

நாவலில் மிகவும் பேசப்பட்ட இடம் ஒன்று உண்டு. பாலு தன் ஆதர்ச எழுத்தாளனை நேரில் சந்திக்கிறான். இவன் தமிழ் எழுத்தாளன் என்று தெரிந்ததும் ஜே.ஜே. குறும்பாக ஒரு விசாரணை செய்கிறான். கல்கியின் நாவலில் வரும் சிவகாமி எடுத்த சபதம் கடைசியில் நிறைவேறியதா என்று கேட்கிறான். அவ்வளவுதான். பக்கத்து மொழிக்காரன் நம் இலக்கியத்தைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பு என்ன என்பது அந்த ஒற்றைக் கேள்வியில் தெரிந்துவிடுகிறது. பாலுவுக்குச் சுருக்கென்று தைக்கிறது, வாசகனுக்கும் தைக்கிறது.

கேரளத்தில் வேலை பார்த்த எந்தத் தமிழருக்கும் இந்த இடம் புதிதாக இருக்காது. தமிழ் என்றதும் ரஜினி படம் எப்போது வெளியாகிறது என்று கேட்பார்கள். சிலர் ‘பாண்டி’ என்பார்கள், வேடிக்கையாகத்தான் சொன்னோம் என்பார்கள். நாமும் லேசுப்பட்டவர்கள் அல்லர். மலையாளி என்றால் நம் ஊரில் நாயர் டீக்கடையும் ‘செம்மீன்’ சினிமாவும்தான். ஐநூறு மைல் தூரத்து மொழியைத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் இவ்வளவு குறைவாக அறிந்திருப்பதுதான் இந்த நாவலின் உள்ளே இருக்கும் வலி. நாவலின் விசித்திர வடிவத்தை விட்டுவிட்டு இந்த வலியை மட்டும் தனியே எடுத்துச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது என்றே படுகிறது. காரணம் பின்னால் வருகிறது.

எழுதியவர் யார்?

சுந்தர ராமசாமி 1931-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். சின்ன வயதுக் காலம் கோட்டயத்தில் கழிந்தது. அவருடைய கடைசிப் பெரிய நாவலான ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) 1930-களின் பிற்பகுதிக் கோட்டயத்தைத்தான் சொல்கிறது. பிறகு குடும்பம் நாகர்கோவில் வந்தது. அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளியில் அவர் படித்தது மலையாளம். தமிழை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயதுக்குப் பக்கத்தில்தான். தமிழ் உரைநடையை மாற்றிக் காட்டிய ஒருவர் தமிழ் எழுத்துகளை இவ்வளவு தாமதமாகக் கூட்டிப் படித்தார் என்பது, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரவில்லையே என்று கவலைப்படும் நம் சங்கத்துப் பெற்றோர்களுக்கு ஆறுதலான செய்தி.

எழுத வந்த நாள் முதல் அவர் இரண்டு மொழிக்கும் நடுவே போக்குவரத்து நடத்தினார். தகழியின் ‘தோட்டியின் மகன்’, ‘செம்மீன்’ இரண்டையும் தமிழாக்கினார். ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-இல் வந்தது. அந்த நாவலிலும் நாயகன் ஒரு மனிதன் இல்லை, நாற்சந்தியில் நிற்கும் மரம்தான். ‘பசுவய்யா’ என்ற பெயரில் கவிதைகள் எழுதினார். 1988-இல் ‘காலச்சுவடு’ இதழைத் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவில் நாகர்கோவிலில் ஜவுளிக்கடையும் நடத்தினார். 2005 அக்டோபரில் அமெரிக்காவில் காலமானார்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, நாகர்கோவில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஒரு மனிதர் வீடு மாறாமலேயே, முதல் நாள் இரவு ஒரு மாநிலத்திலும் மறுநாள் காலை இன்னொரு மாநிலத்திலுமாக ஆன கதை அது. பாலுவின் மனசு எங்கிருந்து வந்தது என்பதற்கு இது பாதி விளக்கம்.

ஜே.ஜே. யார் என்ற கேள்வியும் உண்டு. மலையாள நாடகாசிரியரும் விமரிசகருமான சி.ஜே. தாமஸைப் பலரும் சுட்டுவார்கள். கூத்தாட்டுக்குளத்தில் 1918-இல் பிறந்த சி.ஜே. பாதிரியார் ஆவதற்குப் படித்து அங்கியைக் கழற்றியவர். இடதுசாரி இயக்கத்தோடு நெருங்கி, பின்னால் அதைக் கடுமையாக விமர்சித்தவர். ஜே.ஜே. இறந்ததாக நாவல் சொல்லும் அதே 1960-இல், ஜூலை மாதம், நாற்பத்தோரு வயதில் மறைந்தார். பெயரின் ஓசையும் சாவின் ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆனாலும் ஜே.ஜே.யை சி.ஜே.யின் நகல் என்று முத்திரை குத்திவிட்டால் நாவல் சிறுத்துப்போகும். நாவலுக்குள் ஜே.ஜே. முழுசாக ஒரு தனி ஆள்.

இந்த வடிவம் வேற்று நாட்டுச் சரக்கா?

‘இதெல்லாம் மேல்நாட்டுப் பாணி, நமக்கு ஒட்டாது’ என்ற பேச்சு அடிக்கடி வரும். மேல்நாட்டில் இதற்கு முன்னோடிகள் உண்டு என்பது உண்மை. 1605-இல் ‘டான் கிஹோத்தே’ எழுதிய செர்வாந்தஸ், இந்தக் கதையை ஓர் அரபு வரலாற்றாசிரியரின் ஏட்டிலிருந்து எடுத்தேன் என்று கற்பனையாக ஒருவர் மேல் பழியைப் போட்டார். ஆங்கிலத்தில் லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை ஒன்பது பாகமாக எழுதிய ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யில் நாயகன் மூன்றாம் பாகம் வரை பிறப்பதே இல்லை. ஒரு சாவுக்குத் துக்கம் காட்ட ஒரு பக்கத்தை முழுக்கக் கறுப்பாக அச்சடித்தார்கள். நபக்கோவ் 1962-இல் வெளியிட்ட ‘பேல் ஃபயர்’ 999 வரிக் கவிதையும் அதற்கு ஒருவர் எழுதும் உரையுமாக அமைந்த நாவல். உரைகாரர் கவிதையை விட்டுவிட்டுத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கடைசியாகச் சொன்னது நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமாகப் படக்கூடாது. மூலத்தைவிட உரை நீளும் வழக்கத்தை நம் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர்கள். சிலப்பதிகாரத்தில் பாட்டும் உரைநடையும் வரிப்பாடலும் குரவையும் கலந்தே கதை நகர்கிறது. அதன் மூன்றாம் காண்டம் நடக்கும் வஞ்சி நம் கொடுங்கல்லூரே என்று கேரளத்தில் பெருமையாகச் சொல்வார்கள், கரூர் என்பாரும் உண்டு. 1879-இல் அச்சேறிய தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் கதைக்குள் கதை, நடுவில் உபதேசம், ஓரத்தில் நகைச்சுவை என்று பல சரக்கு அடைத்த மூட்டைதான். நேர்கோட்டில் ஓடும் கதைதான் நம் மரபு என்பது பத்திரிகைத் தொடர்கள் நமக்குப் பழக்கிய எண்ணம்.

எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள்

தமிழில் நாவலின் உருவத்தை உடைத்துப் பார்த்தவர்களில் கேரளத்தோடு தொடர்புள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதை அன்பர்கள் கவனிக்கவேண்டும். நகுலன் என்ற டி.கே. துரைசாமி கும்பகோணத்தில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவனந்தபுரத்தில் கழித்து, 2007-இல் அங்கேயே காலமானவர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். 1970-களில் அவர் எழுதிய ‘நினைவுப் பாதை’, ‘நவீனன் டயரி’ போன்றவற்றில் கதை என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. நினைவு, பேச்சு, டயரி, மௌனம், இவைதான். குமரி மாவட்டத்தில் பிறந்து காசர்கோட்டில் வேலை பார்த்த ஜெயமோகனின் ‘பின் தொடரும் நிழலின் குரல்’ (1999) கடிதம், கவிதை, நாடகம், சிறுகதை என்று பல வடிவங்களைத் தனக்குள் வைத்திருக்கும் பெரிய நாவல்.

இதற்கெல்லாம் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. திருவனந்தபுரத்துச் சாலைத்தெருவை எழுதிய ஆ. மாதவனும், ‘தலைமுறைகள்’ எழுதிய நீல. பத்மநாபனும் நேராகக் கதை சொன்னவர்கள்தாம். என்றாலும் என் அனுபவத்தை வைத்து ஒன்று சொல்வேன். இரண்டு மொழிக்கு நடுவே வாழ்கிறவனுக்கு வாழ்க்கை தொடர்கதையாகக் கிடைப்பதில்லை. காலையில் வீட்டில் ஒரு மொழி, தோப்பும்படியில் பஸ் ஏறினால் வேறு மொழி, பஜார் ரோட்டில் கொங்கணியும் குஜராத்தியும் கலந்த மூன்றாவது ஒன்று, ராத்திரி ஊருக்குப் போன் பேசும்போது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தமிழ். ஒரு இடத்தில் நடந்ததை இன்னொரு இடத்தில் சொல்லப் போனால் பாதி விட்டுப்போகும். மீதிப் பாதியை விளக்கம் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். நம் எல்லோரிடமும் இருப்பவை குறிப்புகள்தான்.

பாலுவுக்கு நடப்பதும் இதுவே. அவன் நேசிக்கும் எழுத்தாளன் வேறு மொழியில் இருக்கிறான். அவனை முழுசாக அறிய முடியாது. அங்கே ஒருவர் சொன்னது, இங்கே பத்திரிகையில் வந்தது, எப்போதோ ஒருமுறை கண்டது என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகளைக் காய்ச்சி ஊற்றி வழவழவென்று ஒரு வாழ்க்கைக் கதையாக ஆசிரியர் செய்திருந்தால், தெரியாததையும் தெரிந்ததாகக் காட்டவேண்டி வந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடியே வைத்தார். ஆகவேதான் அந்த வலியை வடிவத்திலிருந்து பிரிக்க முடியாது என்று முன்னே சொன்னேன். ‘சில’ என்ற சொல் தலைப்பிலேயே இருப்பது சும்மா இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு பிரதி

இந்த நாவலை மலையாளத்தில் மொழிபெயர்த்தவர் கவிஞர் ஆற்றூர் ரவிவர்மா (1930–2019). ‘ஒரு புளியமரத்தின் கதை’யையும், ஜி. நாகராஜன், சல்மா ஆகியோரின் நாவல்களையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனவர் அவரே. தலைப்பை மொழிபெயர்க்க அவருக்குச் சிரமமே இருந்திருக்காது. ‘சில’வும் ‘குறிப்புக’ளும் மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொற்கள்தான். ஆங்கிலத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதியின் மொழிபெயர்ப்பு உண்டு.

என் மகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எடுத்துப் படித்தவள். தமிழ் பேசுவாள், போர்டு படிப்பாள், ஒரு முழுப் புத்தகம் என்றால் மலைப்பாள். அவளுக்கு ஆற்றூரின் மலையாளப் பிரதியைக் கொடுத்தேன், நான் தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை இரண்டு மொழியில் படித்தோம். இரண்டாம் நாள் அவள் கேட்டாள், “அப்பா, இந்த ஜே.ஜே.யோட புத்தகம் ஒண்ணுகூட நான் பாத்ததில்லையே? நம்ம லைப்ரரியில கிடைக்குமா?”

“அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப எங்க ஆளுங்களப் பத்தி ஒரு தமிழர் இவ்வளவு யோசிச்சு உண்டாக்கியிருக்காரா?” என்றாள். ‘எங்க ஆளுங்க’ என்று அவள் சொன்னது மலையாளிகளை. பெற்ற தகப்பன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்! சிரிப்பதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு நாவலின் கதவைத் திறந்துவிட்டது. சிவகாமி சபதம் பற்றிய கேள்வியைப் படித்தபோது அவளுக்கு ஜே.ஜே. மேல் கோபம் வந்ததாம். “வீட்டுக்கு வந்த ஆளக் கேக்கிற கேள்வியா அது?” என்றாள்.

தமிழில் படிக்கும்போது ஜே.ஜே. அயலான், பாலு நம் ஆள். மலையாளத்தில் படிக்கும்போது பாலு அயலான், ஜே.ஜே. வீட்டுக்காரன். நாவல் ஒன்றுதான், விருந்தாளி மட்டும் மாறிவிடுகிறான். மலையாளத்தில் படித்த என் மகள் விருந்தாளியின் பக்கம் நின்றாள். அவளும் தன்னை அறியாமல் இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரியாக இருக்கிறாள் என்று அன்று புரிந்தது. பல வருஷமாக, இவளுக்குத் தமிழ் போய்விட்டதோ என்று நான் மனசுக்குள் பட்ட கவலை அன்றைக்குக் கொஞ்சம் இறங்கிற்று.

கொச்சிக் கரையில் கிடைக்கும் மறுபாதி

பாலு செய்த வேலையின் மறுபாதியும் நம் கொச்சிக் கரையிலேயே இருக்கிறது. என்.எஸ். மாதவனின் மலையாள நாவல் ‘லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்’ 2003-இல் வந்தது. கொச்சிக்குப் பக்கத்தில் ஒரு தீவைக் கற்பனையில் உண்டாக்கி, ஜெசிக்கா என்ற பெண்ணின் வாயால் அதன் கதையைச் சொல்வது. அதுவும் நேர்கோட்டுக் கதை இல்லை, பிரியாணியும் கணக்குப் பாடமும் கப்பல் தச்சுவேலையும் அரசியலும் கலந்து வரும். இரா. முருகன் இதை ‘பீரங்கிப் பாடல்கள்’ என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார்.

அந்த நாவலில் சவிட்டு நாடகத்துக்கு முக்கிய இடம் உண்டு. கேரளக் கடலோரக் கிறிஸ்தவர்கள் மரமேடையில் அதிரக் காலால் மிதித்து ஆடும் நாடகம் அது. ஐரோப்பியப் பேரரசன் சார்லமேன் கதையைச் சொல்லும் ‘காறல்மான் சரிதம்’ அதில் புகழ்பெற்றது. அதை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பாட்டுகளில் தமிழ் நிறையக் கலந்திருக்கும். ‘அண்ணாவி’ என்பது கூத்துப் பழக்குகிற வாத்தியாருக்குத் தமிழில் பெயர். ஈழத்திலும் அண்ணாவியார் என்பார்கள். பிரான்சு நாட்டு ராஜாவின் கதையைக் கொச்சிக் கடற்கரையில் தமிழ் கலந்த மொழியில் ஆடுகிறார்கள் என்றால், மொழிகளுக்கு நடுவே சுவர் இருக்கிறது என்று யார் சொன்னது?

எங்கள் பள்ளுருத்தியில் வாழ்ந்து 2020-இல் மறைந்த இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர், சின்ன வயதில் வறுமையால் பழனியில் ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேதான் சங்கீதம் படித்தார். அவர் மலையாளத்துக்குத் தந்த மெட்டுகளின் முதல் பாடம் பழனியில் நடந்தது. ஃபோர்ட் கொச்சி வெளியில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்கிறார்கள். இவையெல்லாம் எழுதப்படாத குறிப்புகள். யாராவது ஒரு பாலு சேகரிக்கவேண்டும்.

எப்படிப் படிக்கலாம்?

புதிதாக இந்த நாவலை எடுக்கும் அன்பர்களுக்கு மூன்று யோசனைகள்.

முதலாவது, அடுத்து என்ன நடக்கும் என்று தேடவேண்டாம். என்ன நடக்கும் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. இந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்பதே புத்தகம் முழுக்க ஓடும் கேள்வி. தினம் பத்துப் பக்கம் போதும். சின்னப் புத்தகம்தான், வேகமாகப் படித்தால் ஒன்றும் ஒட்டாது.

இரண்டாவது, பெயர்களைக் கண்டு மிரளவேண்டாம். எது நிஜப் பெயர், எது கற்பனைப் பெயர் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். அதுவே ஒரு விளையாட்டு. தெரியாத நிஜப் பெயர் ஒன்று கிடைத்தால் அந்த எழுத்தாளரைத் தேடிப் படிக்கலாம். சி.ஜே. தாமஸை நான் அப்படித்தான் தேடிப் போனேன்.

மூன்றாவது, இரண்டாம் பகுதியான நாட்குறிப்பை ஒரே மூச்சில் படிக்கவேண்டாம். மனம் போனபடி பிரித்து ஒரு குறிப்பைப் படித்து மூடி வைக்கலாம். ஜே.ஜே.யோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அவன் சில இடங்களில் மனிதர்களிடம் ஈரமே இல்லாமல் பேசுகிறான், சில இடங்களில் தன்னையே பெரிதாக நினைக்கிறான். பாலுவின் பக்தி அதையெல்லாம் மறைத்துவிடுகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. வாசகன் அவனோடு சண்டை போடலாம், நாவல் அதற்கு இடம் விட்டிருக்கிறது.

நம் சங்கங்களின் நூலகங்களில் திருக்குறளும் பொன்னியின் செல்வனும் கட்டாயம் இருக்கும். அவை இருக்கவேண்டியவைதாம். அதே அலமாரியில் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ தமிழ்ப் பிரதி ஒன்றும் ஆற்றூரின் மலையாளப் பிரதி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது என்பது என் விண்ணப்பம். பிள்ளைகளிடம் “தமிழ் படி, தமிழ் படி” என்று சொல்லிக் களைத்துப் போன பெற்றோர்கள், ஒருமுறை அவர்களுக்குத் தெரிந்த மொழியிலேயே ஒரு தமிழ் நாவலைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். என் மகள் இப்போது ‘ஒரு புளியமரத்தின் கதை’யைத் தமிழிலேயே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது பக்கம் தாண்டியிருக்கிறாள். தெரியாத சொல் வந்தால் சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்கிறாள். பாதிக்குப் பாதி எனக்கும் தெரிவதில்லை, இரண்டு பேரும் அகராதியைப் பார்க்கிறோம்.